ஒட்டுண்ணியின் நொதியைக் குறிவைத்து மருந்து தேடுவது எப்படி: டாக்கிங்குக்கு முன்னும் பின்னும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஞாயிறுதோறும் நாலைந்து முதுகலை மாணவர்கள் வருவார்கள். உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம், ஒன்றிரண்டு பேர் ஃபார்மசி. ப்ராஜெக்ட் தலைப்பு எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மலேரியா ஒட்டுண்ணியின் ஏதோ ஒரு நொதி, அதைத் தடுக்க ஏதோ ஒரு மூலிகைப் பொருள். லேப்டாப்பைத் திறந்ததும் டாக்கிங் படம்தான் வரும், அதாவது ஒரு பொருள் நொதியின் பள்ளத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினி போட்டுக் காட்டும் படமும், பிணைப்பு எவ்வளவு வலுவானது என்று அது தரும் ஸ்கோரும். "அண்ணா, மைனஸ் ஒன்பது புள்ளி நாலு வந்திருக்கு!"

அந்த நொதி நின்றுபோனால் ஒட்டுண்ணி சாகுமா என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். இந்த வழிகாட்டி அந்த அமைதியிலிருந்து பிறந்தது. நொதியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து, "இந்தப் பொருள் இந்த நொதியைத் தடுத்துத்தான் ஒட்டுண்ணியைக் கொல்கிறது" என்று தைரியமாகச் சொல்லும் இடம் வரை போகிறது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் ஆகும் செலவை மிச்சப்படுத்துகிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

முதல் வேலை அனுமதி. ஒட்டுண்ணி மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்து நொதி தயாரிக்க, நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு ஒப்புதல் வேண்டும். ஒட்டுண்ணி வளர்க்க மனித ரத்தம் தேவை, அதற்கு நெறிமுறைக் குழு. இந்தக் காகிதங்கள் நகர மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் முதலில் சொல்கிறேன். படிப்பு வேலையை அந்தக் காத்திருப்பில் முடித்துவிடலாம்.

கருவிகளில் குறைந்தபட்சம் 340 நானோமீட்டர் படிக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வேண்டும். பிளேட் ரீடர் கிடைத்தால் வேலை பல மடங்கு வேகமாகும். இணையத்தில் பிளாஸ்மோடிபி (ஒட்டுண்ணி மரபணுக்கள்), யூனிப்ராட் (புரதங்கள்), பிடிபி (புரதக் கட்டமைப்புகள்), ப்ரெண்டா (நொதிகள்), கெம்பிள் (மருந்துப் பொருள்கள்) என்ற தகவல் தளங்கள் உதவும்.

சோதிக்கும் பொருள்களைக் கரைக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் வாங்கும்போது தரம் பாருங்கள். பாரிமுனைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண கரைப்பான் தரத்தில் வாங்கி வந்து, பிளேட்டின் எல்லாக் கிணறுகளிலும் (சிறு குழிகளிலும்) நொதி மந்தமாக ஓடுவதைப் பார்த்துக் குழம்பியவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

2. ஒட்டுண்ணியையும் அதன் பருவத்தையும் முடிவு செய்யுங்கள்

நொதிக்கு முன்னால் இது. ஒரே ஒட்டுண்ணி கல்லீரலில் ஒரு விதமாகவும் சிவப்பணுவில் வேறு விதமாகவும் வாழ்கிறது. ஒரு பருவத்தில் உயிர்நாடியாக இருக்கும் நொதி இன்னொரு பருவத்தில் சும்மா கிடக்கலாம்.

நம் ஊரில் மலேரியா என்றால் பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணி வகை. பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி. மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும் கொசு. தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, மாநகராட்சி ஊழியர் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். அதனால் மாணவர்கள் "வைவாக்ஸில் வேலை செய்கிறோம்" என்று ஆர்வமாக வருகிறார்கள். சிக்கல் என்னவென்றால், வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களை மட்டுமே நாடுவது. ஆய்வகத்தில் அதைத் தொடர்ந்து வளர்க்க இன்றுவரை வழக்கமான முறை இல்லை.

செய்யக்கூடியது இது: வைவாக்ஸின் நொதியை ஈ.கோலையில் தயாரித்து நொதி அளவில் சோதியுங்கள். உயிருள்ள ஒட்டுண்ணிச் சோதனையை, ஆய்வகத்தில் வளரும் இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி வகையான ஃபால்சிபரத்தில் செய்யுங்கள். இரண்டு நொதிகளின் செயல்மையமும் (வேதிவினை நடக்கும் இடமும்) ஒத்திருக்கிறதா என்பதை நாலாவது படியில் காட்டிவிட்டால் இந்த மாற்று ஏற்பாட்டை யாரும் குறை சொல்ல முடியாது.

பருவத்தைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ட்ரைக்ளோசான் கதை போதும். சோப்பிலும் பற்பசையிலும் போடப்பட்ட அந்தப் பொருள், ஒட்டுண்ணியின் கொழுப்பு அமிலத் தயாரிப்பில் உள்ள ஃபேப்-ஐ என்ற நொதியைத் தடுத்து மலேரியாவைக் கட்டுப்படுத்துகிறது என்று 2001-ல் பெங்களூரிலிருந்து ஆய்வு வந்தது. உலகமே அந்த நொதியின் பின்னால் ஓடியது. 2008, 2009-ல் அந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி பாட்டுக்கு வளர்ந்தது. கல்லீரல் பருவத்தின் பிற்பகுதியில்தான் அது தடுமாறியது. ட்ரைக்ளோசான் ரத்தப் பருவத்தைக் கொன்றது உண்மை, ஆனால் கொன்ற வழி வேறு.

யானைக்கால் புழுவைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வரி: ரத்தத்தில் மிதக்கும் மைக்ரோஃபைலேரியா என்ற இளம் புழுவைக் கொல்வது சுலபம். நிணநீர்க் குழாயில் ஆண்டுக்கணக்கில் வாழும் முதிர்ந்த புழுவில் உங்கள் நொதி வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

3. நொதி நின்றால் உயிர் நிற்குமா?

இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஆய்வகத்துக்குள் கால் வைக்காமலே செய்யலாம், ஆனால் அதிகம் பேர் தாண்டிக் குதிக்கும் படி இதுதான்.

முதலில் மரபணு ஆதாரம். ஃபால்சிபரத்தின் மரபணுக்களை பிக்கிபேக் என்ற தாவும் மரபணுத் துண்டால் ஒன்றொன்றாகக் குலைத்து, எவை இல்லாமல் ரத்தப் பருவம் வாழாது என்று 2018-ல் பட்டியல் வெளியிட்டார்கள். பிளாஸ்மோடிபியில் உங்கள் மரபணுவின் பக்கத்தைத் திறந்தால் அந்த முடிவு இருக்கும். "இல்லாமலும் வாழும்" என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு நொதிக்குப் போங்கள். அழகான கட்டமைப்பு இருக்கிறதே என்று மனசு கேட்காது. கேட்காவிட்டாலும் போங்கள்.

அடுத்து மாற்றுப்பாதை. ஒட்டுண்ணி தன் தேவையைத் தானே தயாரிக்கிறதா, நம் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறதா? மலேரியா ஒட்டுண்ணி பியூரினை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும். பிரிமிடினை எடுத்துக்கொள்ளத் தெரியாது, ஆரம்பத்திலிருந்து தானே கட்ட வேண்டும். நம் செல்களுக்கு இரண்டும் தெரியும். ஆகவே பிரிமிடின் பாதையை அடைத்தால் அடி ஒட்டுண்ணிக்கு விழும். அந்தப் பாதையிலுள்ள டி.ஹெச்.ஓ.டி.ஹெச். நொதியைத் தடுக்கும் டி.எஸ்.எம். 265 என்ற பொருள் மனிதச் சோதனை வரை போனதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

மூன்றாவது கேள்வி, எவ்வளவு தடுக்க வேண்டும்? பாடப்புத்தகம் இதைச் சொல்வதில்லை. எங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் வரும்போது பாருங்கள். தெருமுனை வால்வைக் கால்வாசிதான் திறந்திருக்கிறார்கள் என்றால், வீட்டுக் குழாயைப் பாதி மூடினாலும் முழுதாகத் திறந்தாலும் குடம் நிறைய ஆகும் நேரம் ஒன்றுதான். ஆப்பிரிக்கத் தூக்க நோயின் ட்ரிபனோசோமா குளுக்கோஸை உடைக்கும் பாதையில் தெருமுனை வால்வு, குளுக்கோஸை உள்ளே கொண்டுவரும் கடத்திப் புரதம். கணினி மாதிரியும் சோதனைகளும் இதைக் காட்டின. உள்ளே உள்ள பல நொதிகள் தேவைக்கு மேல் இருப்பு வைத்திருக்கின்றன, அவற்றைப் பாதி தடுத்தால் ஒட்டுண்ணிக்கு உறைக்காது.

உங்கள் நொதி வீட்டுக் குழாயா தெருமுனை வால்வா என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொண்டால், பிறகு "நொதியில் நானோமோலாரில் வேலை செய்கிறது, ஒட்டுண்ணியில் ஒன்றும் ஆகவில்லையே" என்று தலையில் கை வைக்க வேண்டியிருக்காது. மீளா வகைத் தடுப்பான், அதாவது நொதியில் ஒட்டிக்கொண்டு விடாதது, இருப்பு அதிகமுள்ள நொதிக்கும் பயன்படும்.

4. மனித நொதியிலிருந்து வேறுபாடு எங்கே என்று எழுதி வையுங்கள்

"மனித நொதியோடு 30 சதவீதம்தான் ஒற்றுமை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது வழக்கம். அந்தச் சதவீதத்தால் பயனில்லை. மொத்தச் சங்கிலியில் எழுபது சதவீதம் வேறுபட்டும் செயல்மையம் மட்டும் அப்படியே இருக்கலாம். தடுப்பான் தொடும் அமினோ அமிலங்களை ஒன்றொன்றாகப் பட்டியலிட்டு ஃபால்சிபரம், வைவாக்ஸ், மனிதன் என்று மூன்று வரிசையில் ஒப்பிடுங்கள். மனிதனில் ஒரே நொதிக்குப் பல வடிவங்கள் உண்டு. எல்.டி.ஹெச். (லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ்) என்ற நொதி என்றால் தசையிலிருப்பதும் இதயத்திலிருப்பதும் வேறு, இரண்டையும் சேருங்கள்.

வேறுபாடு பல இடங்களில் ஒளிந்திருக்கும். சில நொதிகள் நம்மிடம் இல்லவே இல்லை. அபிகோபிளாஸ்ட் என்ற உறுப்பில் நடக்கும் ஐசோப்ரினாய்டு பாதையின் டி.எக்ஸ்.ஆர். அப்படிப்பட்டது, ஃபாஸ்மிடோமைசின் அதைத்தான் தடுக்கிறது. சிலவற்றில் வடிவ வேறுபாடு: மலேரியா எல்.டி.ஹெச்.சின் செயல்மையத்து வளையத்தில் ஐந்து அமினோ அமிலங்கள் கூடுதல்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ். ட்ரிபனோசோமாவுக்கும் மனிதனுக்கும் செயல்மையம் ஏறக்குறைய ஒன்றே. இருந்தும் எஃப்லார்னிதின் தூக்க நோய்க்கு மருந்தானது, 1990-ல் அமெரிக்க அனுமதியும் பெற்றது. நம் செல்கள் அந்த நொதியை நிமிடக்கணக்கில் அழித்துப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கின்றன. காம்பியன்ஸ் வகை ஒட்டுண்ணியில் அது மணிக்கணக்கில் தங்கும். மருந்து நொதியில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதால் நமக்குப் புது நொதி வந்துவிடுகிறது, ஒட்டுண்ணிக்கு வருவதில்லை. கட்டமைப்பை மட்டும் பார்த்திருந்தால் இந்த மருந்தை முதல் நாளே குப்பையில் போட்டிருப்போம்.

இந்தப் படியிலேயே எதிர்ப்பு மாற்றங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோலேட் பாதையின் டி.ஹெச்.எஃப்.ஆர். நொதி என்றால் ஃபால்சிபரத்தில் 51, 59, 108, 164-ஆம் இடங்கள், வைவாக்ஸில் 58, 117 முதலியவை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தான பைரிமெதமின் தோற்றது இந்த இடங்களில்தான். மாறாத நொதியை மட்டும் வைத்துத் தடுப்பான் தேடினால், களத்தில் இல்லாத ஒட்டுண்ணிக்கு மருந்து தேடுகிறீர்கள்.

5. அஸே (நொதியின் வேகத்தை அளக்கும் சோதனை) அமைப்பது

எல்.டி.ஹெச்.சை வைத்தே சொல்கிறேன். நல்ல மருந்து இலக்கா என்றால் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் பயிற்சிக்கு இதைவிட எளிய நொதி கிடைக்காது. ரத்தப் பருவ ஒட்டுண்ணி குளுக்கோஸை உடைத்து லாக்டேட்டாகத் தள்ளித்தான் பிழைக்கிறது, அதன் கடைசிப் படி இந்த நொதி. காய்ச்சலுக்கு விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் அட்டைச் சோதனைகளில் பல இந்தப் புரதத்தைத்தான் தேடுகின்றன.

பைருவேட்டும், நொதியின் கூட்டாளி மூலக்கூறான என்.ஏ.டி.ஹெச்.சும் கொடுத்தால் நொதி என்.ஏ.டி.ஹெச்.சைத் தின்னும், 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதல் குறையும். என்.ஏ.டி.ஹெச்.சின் மோலார் உறிஞ்சுதல் எண் 6220. அதாவது 0.1 மில்லிமோலார் கரைசல் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் 0.62 காட்டும். முதலில் நொதியில்லாமல் இதைச் சரிபாருங்கள். 0.62-க்குப் பதில் 0.4 வந்தால் உங்கள் என்.ஏ.டி.ஹெச். கெட்டுப்போனது. பிளேட்டில் படிப்பவர்களுக்கு ஒளிப்பாதை ஒரு சென்டிமீட்டர் இல்லை, நிரப்பும் அளவைப் பொறுத்து மாறும். அதைத் திருத்தாமல் வேகம் கணக்கிட்டால் எல்லா எண்களும் தப்பாகும்.

அடுத்து நொதியின் அளவு. வேகம் நேர்கோடாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் மட்டும் அளக்க வேண்டும், சப்ஸ்ட்ரேட் (நொதி மாற்றும் மூலப்பொருள்) பத்து சதவீதம் செலவாவதற்குள். நொதியை அள்ளிப் போட்டால் முதல் முப்பது விநாடியிலேயே எல்லாம் முடிந்துவிடும். பிறகு தடுப்பான் போட்டாலும் போடாவிட்டாலும் முடிவு ஒன்றாகத் தெரியும். புதியவர்களில் பாதிப் பேர் தவறுவது இங்கே.

சப்ஸ்ட்ரேட்டை அதன் கே.எம். அளவுக்கு, அதாவது நொதி தன் உச்ச வேகத்தில் பாதியில் ஓடும் அளவுக்கு, பக்கத்தில் வையுங்கள். மிக அதிகம் வைத்தால், சப்ஸ்ட்ரேட்டோடு போட்டியிடும் தடுப்பான் தோற்றுப் போகும், நல்ல பொருளைக் கைவிடுவீர்கள். நொதியின் வேகத்தைப் பாதியாக்கத் தேவையான தடுப்பானின் அளவுதான் ஐ.சி.50; அந்த எண் சப்ஸ்ட்ரேட்டின் அளவுக்கேற்ப மாறுவது. அதனால்தான் செங்–ப்ருசாஃப் சமன்பாட்டால் அதைக் கே.ஐ. (சப்ஸ்ட்ரேட் அளவைச் சாராத தடுப்பு எண்) ஆக்கி எழுதச் சொல்கிறோம்: போட்டித் தடுப்பானுக்கு ஐ.சி.50-ஐ, ஒன்றோடு சப்ஸ்ட்ரேட்–கே.எம். விகிதத்தைக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும்.

டி.எம்.எஸ்.ஓ. எல்லாக் கிணற்றிலும் ஒரே அளவு, ஒரு சதவீதத்துக்கு மேல் போகாமல். ஒவ்வொரு பிளேட்டிலும் தடுப்பான் இல்லாத கிணறுகளும் முழுதாகத் தடுத்த கிணறுகளும் இருக்கட்டும். எல்.டி.ஹெச்.சுக்கு ஆக்சமேட் என்ற தெரிந்த தடுப்பான் போதும். இரண்டு கூட்டத்தின் சராசரி இடைவெளியையும் சிதறலையும் வைத்து இசட்-ப்ரைம் என்ற அஸே தர எண்ணைக் கணக்கிடுங்கள். 0.5-க்குக் கீழே இருந்தால் பொருள்களைச் சோதிக்காமல் அஸேயைச் சரிசெய்யுங்கள். பிப்பெட் பிடிக்கும் கை ஒரே சீராக வர இரண்டு வாரம் பழக வேண்டும், அவ்வளவுதான்.

மின்வெட்டைப் பற்றி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நான் வேலை செய்த ஆய்வகத்தில் மின்சாரம் போய் இன்வெர்ட்டரும் கைவிட்டது. திங்கட்கிழமை ஃப்ரீசரைத் திறந்தால் நாலு மாத நொதி வெதுவெதுப்பாக இருந்தது. அன்றிலிருந்து நொதியைக் கிளிசராலில் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து இரண்டு கட்டடங்களில் வைக்கிறேன். ஒவ்வொரு குப்பிக்கும் அதன் செயல்திறனைத் தேதியோடு எழுதுங்கள். போன மாத நொதியின் ஐ.சி.50-ஐ இந்த மாத நொதியோடு ஒப்பிடும் பாவத்திலிருந்து அது காப்பாற்றும்.

6. இப்போது டாக்கிங்

இதுவரை வந்த பிறகு டாக்கிங்குக்கு அர்த்தம் உண்டு. எந்தப் பையைக் குறிவைக்கிறோம், எந்த அமினோ அமிலங்கள் முக்கியம் என்பது தெரியும்.

பிடிபியில் எல்.டி.ஹெச். கட்டமைப்பை 1எல்டிஜி என்ற எண்ணில் எடுக்கலாம். அதில் என்.ஏ.டி.ஹெச்.சும் ஆக்சமேட்டும் உட்கார்ந்திருக்கும். மாணவர்கள் செய்யும் முதல் காரியம், "புரதம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கு" என்ற பொத்தானை அழுத்துவது. என்.ஏ.டி.ஹெச்.சும் போய்விடும். காலியான அந்தப் பெரிய பள்ளத்தில் எந்தப் பொருளைப் போட்டாலும் வசதியாகப் படுத்துக்கொள்ளும், ஸ்கோரும் பிரமாதமாக வரும். உயிருள்ள செல்லில் அந்தப் பள்ளம் காலியாக இருக்காது. கூட்டாளி மூலக்கூறு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும். ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் கணிக்கும் கட்டமைப்பில் அது வழக்கமாக இருப்பதில்லை, அதையும் கவனியுங்கள்.

பிறகு அந்த ஆக்சமேட்டையே எடுத்துத் திரும்ப டாக் செய்யுங்கள். படிகத்தில் இருந்த நிலைக்கு இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் வர வேண்டும். வராவிட்டால் உங்கள் அமைப்பு தப்பு, வேறு எந்தப் பொருளின் முடிவையும் நம்ப முடியாது.

ஸ்கோரைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் நிரலைச் செய்தவர்களே சொன்ன பிழை அளவு ஒரு மோலுக்கு 2.85 கிலோகலோரி. 1.4 கிலோகலோரி என்றால் பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு. ஆக மைனஸ் எட்டுக்கும் மைனஸ் பத்துக்கும் உள்ள வித்தியாசம் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். பெரிய மூலக்கூறுகளுக்கு ஸ்கோர் தானாகவே கூடுவதும் உண்டு. டாக்கிங்கை ஆயிரம் பொருள்களை ஐம்பதாகக் குறைக்கும் சல்லடையாகப் பயன்படுத்துங்கள். அந்த ஐம்பதில் எது முதல் என்று அதனிடம் கேட்காதீர்கள்.

7. பொய் ஹிட்களைக் கழிப்பது

முதல் சுற்றில் தேறியவற்றில் பெரும்பாலானவை பொய். இது உங்கள் தவறு அல்ல, இயல்பே அப்படி. கழிக்காமல் அடுத்த படிக்குப் போவதுதான் தவறு.

பொருள்கள் தண்ணீரில் திரண்டு உருண்டைகளாகி நொதியை ஒட்டிக்கொண்டு இழுத்துவிடும். எந்த நொதியைக் கொடுத்தாலும் இதையே செய்யும். சோதனை சுலபம்: 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 சேர்த்துத் திரும்ப ஓட்டுங்கள். தடுப்பு மறைந்தால் அது உருண்டையின் வேலை. வரைபடத்தில் சரிவு இயல்புக்கு மீறிச் செங்குத்தாக இருந்தாலும் இதே சந்தேகம்.

நிறம் இன்னொரு வம்பு. 340-ல் உறிஞ்சும் பொருள் எதுவும் என்.ஏ.டி.ஹெச். அளவைக் குழப்பும். நொதி சேர்க்காமல் பொருளை மட்டும் வைத்துப் படித்துப் பாருங்கள். அளப்பதற்காக இன்னொரு நொதியைத் துணைக்கு இணைத்து ஓட்டும் அஸே என்றால், உங்கள் பொருள் தடுப்பது இலக்கையா துணை நொதியையா என்று தனியாகக் கேளுங்கள்.

இப்போது மஞ்சளுக்கும் நிலவேம்புக்கும் வருவோம். இந்த இரண்டில் ஒன்று இல்லாத ப்ராஜெக்டை நான் பார்த்ததில்லை. குர்குமின் நிறமுள்ளது, கரைசலில் தானே சிதையும், ஒளிரும், புரதங்களோடு வினைபுரியும், திரளும். அஸேயை ஏமாற்ற எத்தனை வழி உண்டோ அத்தனையும் அதற்குத் தெரியும். பெய்ன்ஸ் என்று வேதியியலாளர்கள் 2010-லிருந்து அழைக்கும் தொல்லைப் பொருள்களில் அது முன்வரிசை. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும் அமைப்பு கொண்டது. எனவே சிஸ்டீன் உள்ள நொதிகளில் அது "வேலை செய்வது" ஆச்சரியமில்லை. சிஸ்டீனைப் போலக் கந்தகக் குழு கொண்ட டி.டி.டி. என்ற பொருளைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டிப் பாருங்கள். பாட்டி கொடுத்த கஷாயத்தைக் குறை சொல்கிறேன் என்று ஒரு பெண் கோபித்துக்கொண்டாள். கஷாயம் வேறு, ஒரு நொதியின் மேல் ஒரு மூலக்கூறு வேறு. நாம் இங்கே இரண்டாவதைத்தான் அளக்கிறோம்.

தப்பிப் பிழைத்தவற்றைப் புதிதாக, வேறு விற்பனையாளரிடமிருந்து வாங்கித் திரும்பச் சோதியுங்கள். பழைய குப்பியில் இருந்த அசுத்தம்தான் வேலை செய்திருக்கும் என்ற வாய்ப்பு எப்போதும் உண்டு. நொதியோடு அரை மணி ஊறவைத்தும் ஊறவைக்காமலும் ஒப்பிடுங்கள். ஊறினால் வலிமை கூடுகிறதென்றால் அது மெதுவாக ஒட்டும் தடுப்பான். பொய்யாகவும் இருக்கலாம், எஃப்லார்னிதின் போலப் பொக்கிஷமாகவும் இருக்கலாம்.

8. ஒட்டுண்ணிக்குள் கொண்டுபோவது

ஃபால்சிபரத்தில் மருந்துக்குப் பணியும் 3டி7 வகையும் எதிர்க்கும் டிடி2 வகையும் இரண்டுமே வேண்டும். ஆர்.பி.எம்.ஐ. 1640 ஊடகம், 37 டிகிரி, குறைந்த ஆக்சிஜன். எழுபத்திரண்டு மணி நேரம் பொருளோடு வைத்து, எஸ்.ஒய்.பி.ஆர். கிரீன் சாயத்தால் டி.என்.ஏ.வை அளப்பார்கள்.

பொறிகள் ஊடகத்திலேயே இருக்கின்றன. ஆர்.பி.எம்.ஐ.யில் ஃபோலிக் அமிலமும் பாபாவும் (பாரா-அமினோபென்சோயிக் அமிலம்) லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் உண்டு. ஃபோலேட் பாதையைத் தடுக்கும் பொருளை அதில் சோதித்தால் ஊடகமே மாற்று மருந்து கொடுத்ததுபோல் ஆகும். இவை குறைக்கப்பட்ட ஊடகம் வாங்குங்கள். குளுக்கோஸ் லிட்டருக்கு இரண்டு கிராம், நம் ரத்தத்தில் உள்ளதைப் போல் இரண்டு மடங்கு. குளுக்கோஸ் பாதையில் வேலை செய்பவர்கள் இதைக் குறைத்தும் ஓட்ட வேண்டும்.

அளக்கும் முறையிலும் பொறி உண்டு. எல்.டி.ஹெச்.சைத் தடுக்கும் பொருளை, எல்.டி.ஹெச். செயல்பாட்டை வைத்து வளர்ச்சியை அளக்கும் முறையில் சோதித்தால், ஒட்டுண்ணி உயிரோடிருந்தாலும் செத்ததாகக் காட்டும். பியூரின் பாதைத் தடுப்பானை, ஹைப்போசாந்தின் என்ற பியூரினின் உட்கிரகிப்பால் அளப்பதும் இதே கூத்து. இலக்கும் அளவுகோலும் ஒன்றாக இருக்கக் கூடாது.

நொதியில் நன்றாக வேலை செய்து ஒட்டுண்ணியில் ஒன்றுமில்லை என்றால், பொருள் கடக்க வேண்டிய சுவர்களை எண்ணுங்கள். சிவப்பணுச் சவ்வு, ஒட்டுண்ணியைச் சுற்றிய குமிழின் சவ்வு, ஒட்டுண்ணியின் சொந்தச் சவ்வு. டி.ஹெச்.ஓ.டி.ஹெச். என்றால் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வும் சேர்ந்தது. மின்னேற்றமுள்ள சின்னப் பொருள்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

மறுபக்கம் பாலூட்டி செல்கள். ஹெப்ஜி2 என்ற மனிதக் கல்லீரல் செல்களிலோ வீரோ என்ற குரங்குச் சிறுநீரக செல்களிலோ பாதி செல்கள் சாகும் அளவை, ஒட்டுண்ணி பாதி சாகும் அளவால் வகுத்தால் தெரிவு விகிதம். பத்துக்குக் கீழே என்றால் அந்தப் பொருள் எல்லாரையும் கொல்லும் விஷம். நூறைத் தாண்டினால் மேற்கொண்டு பேசலாம்.

9. சாவுக்குக் காரணம் அந்த நொதிதானா?

நொதியைத் தடுக்கிறது, ஒட்டுண்ணியையும் கொல்கிறது. இரண்டும் உண்மையாக இருந்தும் ஒன்றால் மற்றது நடந்தது என்று சொல்ல முடியாது. ட்ரைக்ளோசானை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிக நேர்த்தியான வழி, மீட்டெடுப்பு. அபிகோபிளாஸ்ட் பாதையைத் தடுப்பதாக நினைக்கிறீர்களா? அந்தப் பாதையின் விளைபொருளான ஐசோபென்டெனைல் பைரோஃபாஸ்ஃபேட்டை 200 மைக்ரோமோலார் அளவில் ஊடகத்தில் சேருங்கள். ஃபாஸ்மிடோமைசின் கொடுத்த ஒட்டுண்ணி அதில் பிழைத்துக்கொள்ளும். உங்கள் பொருள் கொடுத்ததும் பிழைத்தால் இலக்கு அந்தப் பாதைதான். பிழைக்காவிட்டால் வேறெங்கோ அடிக்கிறது.

டி.ஹெச்.ஓ.டி.ஹெச்.சுக்கு வேறு ஏற்பாடு. ஈஸ்ட்டின் டி.ஹெச்.ஓ.டி.ஹெச். மரபணுவைச் சுமக்கும் ஃபால்சிபரம் வகை 2007 முதல் புழக்கத்தில் உள்ளது. ஈஸ்ட் நொதி வேறு வழியில் ஓடுவதால் இந்த ஒட்டுண்ணி அந்தத் தடுப்பான்களைச் சட்டை செய்யாது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி.சி.1 என்ற வேறொரு இலக்கைத் தடுக்கும் அட்டோவகுவோன் மருந்தையும் அது தாங்கும். ஆகவே இந்தச் சோதனை மட்டும் இரண்டு இலக்குகளையும் பிரித்துக் காட்டாது. நொதி அளவிலான எண்ணையும் பக்கத்தில் வைத்தால்தான் தீர்ப்பு.

மூன்றாவது வழி, எதிர்ப்பை வளர்ப்பது. குறைந்த அளவு பொருளில் வாரக்கணக்கில் ஒட்டுண்ணியை வளர்த்து, தப்பியதன் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்ப்பது. மாற்றம் உங்கள் நொதியின் மரபணுவில் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. எவ்வளவு சுலபத்தில் எதிர்ப்பு வந்தது என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும். அந்த எண் கசப்பாக இருந்தாலும் அறிக்கையில் எழுதுங்கள்.

10. எலிக்கு முன்னால்

எலியில் வளர்வது பெர்கை என்ற இன்னொரு பிளாஸ்மோடியம். அதன் நொதி ஃபால்சிபரம் நொதியைப் போலவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். டி.ஹெச்.ஓ.டி.ஹெச். தடுப்பான்களில் பல ஃபால்சிபரம் நொதியில் கூர்மையாகவும் பெர்கை நொதியில் மழுங்கலாகவும் இருந்தன. அதனால் மனித சிவப்பணு ஏற்றிய எலிகளில் ஃபால்சிபரத்தை வளர்த்துச் சோதிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே நோட்டில் ஒரு அட்டவணை போடுங்கள். வரிசையில் ஃபால்சிபரம் மாறாதது, ஃபால்சிபரம் எதிர்ப்பு மாற்றம் கொண்டது, வைவாக்ஸ், பெர்கை, மனிதன். நெடுக்கில் உங்கள் மூன்று நாலு பொருள்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கே.ஐ.யும், அளந்தபோது இருந்த சப்ஸ்ட்ரேட் அளவும், நொதிக் குப்பியின் தேதியும். பெர்கை வரிசை காலியாக இருக்கும் வரை எலிச் சோதனைக்கு விண்ணப்பம் எழுத உட்காராதீர்கள்.